எடைக்கல் யாரிடம் இருக்க வேண்டும்?



கொஞ்சம் நீளமான பதிவு. "சார் ஆரம்பிச்சுட்டார்" என்று நகர்ந்து போகிறவர்கள் போகலாம். வருகைப் பதிவேடு இப்போது என்னிடம் இல்லை.

போன வாரம் நம் பழைய பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு வந்தது. வயலுக்கு மருந்தடிக்கும் டிரோன், தானாகவே நேர்கோட்டில் ஓடும் டிராக்டர், இதற்கெல்லாம் வழிகாட்டும் செயற்கைக்கோள் இருப்பிடக் கருவி, அதைச் சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாக்கும் தரை நிலையங்கள். விவசாய இயந்திரத் துறையில் நல்ல வேலையில் இருக்கும் ஒரு தம்பி இப்படி எழுதினான்: "சார், அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வெச்சிருக்கறவனுக்கு சென்டிமீட்டர் கணக்கு எதுக்கு? அதெல்லாம் ஆஸ்திரேலியாக்காரனுக்கு. அப்படியே வேணும்னாலும் கம்பெனிக்காரன் விப்பான், காசு குடுத்து வாங்கிக்கலாம். கவர்ன்மென்ட் ஏன் இதுல தலையிடணும்?"

பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கினீர்கள். எண்ணிப் பார்த்தேன். அதில் ஒன்பது பேர் விவசாயக் குடும்பம்.

தம்பி சொன்னதில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. முதலாவது கணக்கில் தப்பு. இரண்டாவது அதைவிடப் பெரிய தப்பு. குழுவில் பதில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே புதைந்துவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு ஏக்கர் வயலைச் சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சுமார் 63.6 மீட்டர். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இயந்திரம் ஒரு மீட்டர் தள்ளிப் போகிறது. தப்பிய பரப்பு 63.6 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். ஆக ஒன்றரை சென்டுக்கு மேல். நூறு சென்டில் ஒன்றரை சென்ட், அதாவது ஒன்றரை சதவீதம்.

இப்போது ஆஸ்திரேலியாக்காரனிடம் போவோம். அவனுக்கு ஆயிரம் ஏக்கர், ஒரே சதுரம். ஒரு பக்கம் சுமார் 2,012 மீட்டர். அதே ஒரு மீட்டர் தவறு. போனது ஏறத்தாழ 50 சென்ட். அவனுடைய ஒரு லட்சம் சென்டில் 50 சென்ட் என்றால் 0.05 சதவீதம். நமக்கு ஒன்றரை, அவனுக்கு அதில் முப்பதில் ஒரு பங்கு. ஆயிரத்தின் வர்க்கமூலம் 31.6 என்பது ஞாபகம் இருந்தால் இந்த முப்பது எங்கிருந்து வந்தது என்று புரியும். வயல் சின்னதாக ஆக, ஓரம் பெரிதாகிறது. தவறு நடப்பதெல்லாம் ஓரத்தில்தான். ஆகவே சென்டிமீட்டர் துல்லியம் பெரிய பண்ணைக்காரனுக்கு வசதி. குறுவிவசாயிக்கு அது தேவை. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும், தம்பி.

ஓரத்தைத் தாண்டினால் என்ன ஆகும்? எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. போன வருஷம் என் மைத்துனர் நெல் வயலில் களைக்கொல்லி அடிக்க டிரோன் கூப்பிட்டார். வந்த பையன் வரப்பில் நடந்து, நான்கு மூலையையும் கைபேசியில் குறித்துக்கொண்டான். கைபேசியின் இருப்பிடக் கணக்கில் திறந்த வெளியிலேயே மூன்று, நான்கு மீட்டர் வித்தியாசம் வரும் என்பது அவனுக்கும் தெரியாது, மைத்துனருக்கும் தெரியாது. பக்கத்து வயலில் பங்காளியின் கோடைப் பருத்தி நின்றது. நெல்லை விட்டுவிட்டு அகல இலைக் களையை மட்டும் கொல்லும் மருந்துக்குப் பருத்தியும் அகல இலைதான். நான்கு நாளில் ஓர வரிசைகளில் இலை சுருண்டு, நுனி விரல் மாதிரி ஆகிவிட்டது. இந்தப் பக்கம் மைத்துனர் வயலின் மறு ஓரத்தில் ஒரு பட்டை முழுக்கக் களை அப்படியே நின்றது. காற்றும் ஒரு காரணம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கம் கூடவும் மறு பக்கம் குறையவும் போனால் அது காற்று மட்டும் செய்த வேலை இல்லை. மொத்தப் படமும் நகர்ந்திருக்கிறது. பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார்கள். பேச்சு இன்னும் தீரவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனபோது வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'நமோ டிரோன் தீதி' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 1,261 கோடி ரூபாய், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன். நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பறக்கும் பொருளைக் கொடுத்துவிட்டு, அது எங்கே பறக்கிறது என்று சரியாகச் சொல்லும் ஏற்பாட்டை ஊர் ஊருக்குக் கொண்டுபோகாவிட்டால், பங்காளிச் சண்டையில் முதலில் சிக்கப்போவது அந்தக் குழுப் பெண்கள்தான்.

சரி, அந்த ஏற்பாடு என்ன? தொழில்நுட்பம் என்றதும் கண்ணை மூடிக்கொள்பவர்களுக்காக ஒரு தராசு.

ரேஷன் கடைத் தராசு தப்புக் காட்டுகிறது என்று சந்தேகம். என்ன செய்வோம்? முத்திரை குத்திய ஒரு கிலோ எடைக்கல்லை அதில் வைப்போம். 1,050 கிராம் காட்டினால், தராசு 50 கிராம் கூடக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். தரை நிலையம் செய்வது கிட்டத்தட்ட இதுதான். செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்காகிறது. நேரத்தில் ஒரு நானோ வினாடி தப்பினால் தரையில் 30 சென்டிமீட்டர் போய்விடும். நடுவில் காற்று மண்டலம் வேறு செய்தியைத் தாமதப்படுத்துகிறது. அதனால் சரியான இடம் ஏற்கெனவே மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்த ஒரு கட்டடத்தின் மேல் ஒரு ஆன்டெனாவை நிரந்தரமாக நட்டுவிடுகிறார்கள். "நான் இங்கே இருக்கிறேன், செயற்கைக்கோள் என்னை அங்கே காட்டுகிறது, வித்தியாசம் இவ்வளவு" என்று அது நொடிக்கு நொடி சொல்லும். அந்தத் திருத்தம் இணையம் வழியாகவோ ரேடியோ வழியாகவோ பக்கத்து வயல் டிராக்டருக்குப் போகும். மூன்று மீட்டர் தவறு இரண்டு மூன்று சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஒரே நிலையத்தை நம்பினால் இருபது, முப்பது கிலோமீட்டர் வரைதான் பலன். பல நிலையங்களை வலையாகக் கோத்தால் நடுவில் உள்ள ஊர்களுக்கும் கிடைக்கும்.

எடைக்கல்லில் முத்திரை குத்துவது யார்? அரசாங்கம். மளிகைக் கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எடைக்கல்லை அவரே செய்துகொள்ளட்டும் என்று நாம் விடுவதில்லை. அவரும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. தம்பியின் இரண்டாவது வாக்கியத்துக்கு என் பதிலின் சுருக்கம் இவ்வளவுதான்.

விரிவும் சொல்கிறேன். தம்பி ஆஸ்திரேலியாவை இழுத்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 2023 ஏப்ரலில், அங்கே கோதுமை விதைப்புக் காலத்தில், இன்மார்சாட் நிறுவனத்தின் ஒரு செயற்கைக்கோள் பழுதானது. 2005-இல் ஏவப்பட்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விவசாயிகளில் பலருடைய டிராக்டர்களுக்குத் திருத்தச் செய்தி அந்த ஒன்றின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. திருத்தம் வரும் வழி மட்டும் அறுந்தது. விதைப்பு நேரத்தில் வண்டிகள் நின்றன. காசு கட்டிச் சந்தா வாங்கியிருந்தவர்கள்தான் நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். காசு கொடுத்து வாங்கினால் கவலை இல்லை என்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அதே ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் அரசுகளின் சார்பில் 'சவுத்பேன்' என்ற பொதுத் திருத்தச் சேவையைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. முதற்கட்டச் சேவை 2022 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஜப்பான் 2018 நவம்பரிலிருந்து தன் சொந்தச் செயற்கைக்கோள் வழியாகவே சென்டிமீட்டர் அளவிலான திருத்தத்தை இலவசமாக அனுப்புகிறது. அங்கே நடவு இயந்திரம் ஓட்டுகிறவர் பெரும்பாலும் என் வயதுக்காரர், வயலும் நம்மைப் போலச் சின்னது. ஐரோப்பாவின் கலிலியோ 2023 ஜனவரி முதல் இருபது சென்டிமீட்டர் அளவுத் திருத்தத்தை உலகத்துக்கே சும்மா கொடுக்கிறது. சந்தைப் பொருளாதாரத்தில் நமக்குப் பாடம் எடுக்கிற நாடுகள் இவை. அவர்கள் அரசு தலையிடலாம், நம் அரசு தலையிட்டால் மட்டும் தப்பா?

இன்னொன்று. 2022-இல் உக்ரைனின் மெலிடோபோல் நகரில் ஒரு ஜான் டீர் விற்பனையகத்திலிருந்து ரஷ்யப் படையினர் லட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செச்னியா வரை கொண்டுபோன பிறகு, அவற்றைத் தூரத்திலிருந்தே பூட்டிவிட்டார்கள். செய்தியைப் படித்து நானும் கைதட்டினேன். திருடனுக்கு வேண்டும்தான். ராத்திரி படுத்தபோதுதான் தோன்றியது: திருடனின் வண்டியை நிறுத்தத் தெரிந்தவர்களுக்குத் தவணை கட்டாதவன் வண்டியையும் சந்தா புதுப்பிக்காதவன் வண்டியையும் நிறுத்தத் தெரியும். இதுவரை நம்மிடம் டிராக்டரைப் பிடுங்க ஆள் நேரில் வர வேண்டும். ஊர் கூடி நாலு வார்த்தை பேச வழி இருந்தது.

"நமக்குத்தான் நாவிக் இருக்கிறதே சார்" என்று இன்னொரு பிள்ளை எழுதியிருந்தாள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான் அம்மா. 2013-இல் முதல் செயற்கைக்கோள் போனபோது பள்ளியில் மிட்டாய் கொடுத்தவன் நான். ஆனால் அதிலிருந்த வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. 2023 மே மாதம் போன என்.வி.எஸ்-01-இல் நம் சொந்தக் கடிகாரம் பொருத்தினார்கள், சந்தோஷம். 2025 ஜனவரியில் அடுத்தது போனது, வால்வுக் கோளாறால் உரிய சுற்றுப்பாதைக்கு ஏறவில்லை. விஞ்ஞானிகள் சரிசெய்வார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சொல்ல வருவது வேறு. வானத்தில் எத்தனை செயற்கைக்கோள் விட்டாலும், யார் விட்டாலும், தரையில் எடைக்கல் இல்லாமல் சென்டிமீட்டர் கணக்கு வராது. ராக்கெட்டுக்குத் தொலைக்காட்சி வரும். கட்டடத்தின் மேல் நிற்கும் ஆன்டெனாவுக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் ஒரு வாத்தியார் பதிவு எழுத வேண்டியிருக்கிறது.

நம் தென்கோடிக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம்மை ஒட்டித்தான் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்குக் காரணமே அதுதான். திருநெல்வேலியில் காந்தவியல் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அதுதான் காரணம். காந்த நடுக்கோட்டைச் சுற்றியுள்ள வானில் அயனி மண்டலம் மற்ற இடங்களைவிட அதிகமாக அலைபாயும், அதுவும் சூரியன் மறைந்த பிறகு. செயற்கைக்கோள் செய்தியைத் தாமதப்படுத்துவதில் பெரிய பங்கு அதற்குத்தான். ஐரோப்பாவில் நன்றாக வேலை செய்கிற ஏற்பாட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து இங்கே வைத்தால் அதே துல்லியம் வரும் என்று நம்பக் கூடாது. அறுவடை நேரத்தில் நம் ஊரில் இயந்திரம் இரவு பத்து மணி வரை ஓடுவது உங்களுக்குத் தெரியும். நமக்கு நிலையங்கள் நெருக்கமாக வேண்டும். லாபம் பார்க்கிறவர் எங்கே நெருக்கமாக வைப்பார்? சந்தா கட்டுகிற பெரிய தோட்டங்கள் இருக்கும் இடத்தில் வைப்பார். கடைமடைக்கு வரமாட்டார். ஆற்றுத் தண்ணீரே கடைமடைக்கு வர எத்தனை போராட்டம் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வானம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2024 மே 10, 11 தேதிகளில் பெரிய சூரியப் புயல். லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்ததைப் படம் பிடித்தார்கள். நீங்களே ஆளுக்கு ஆள் அனுப்பினீர்கள். அதே நாட்களில் அமெரிக்காவில் மக்காச்சோள விதைப்பு நடுவே டிராக்டர்களின் வழிகாட்டி தடுமாறி, பலர் வேலையை நிறுத்தினார்கள். இதற்குப் பொதுத்துறை, தனியார் என்ற பேதமில்லை. யார் கட்டினாலும் நிற்கும். நின்றால் உடனே "நிறுத்துங்கள், இன்று நம்பாதீர்கள்" என்று ஒளிக்காமல் சொல்கிற பொறுப்பு யாருக்கு என்பதுதான் கேள்வி. அந்தப் பொறுப்பைச் சட்டப்படி ஏற்கிற ஓர் அலுவலகம் வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கத்துக்குப் புது வேலையும் இல்லை. 1802 ஏப்ரல் 10 அன்று லாம்டன் தன் அளவைப் பணியின் அடிக்கோட்டைப் பரங்கிமலைப் பக்கம்தான் அளக்கத் தொடங்கினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றியபோது அது மோதி நசுங்கியது. (வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் மட்டும் யாரும் தூங்கமாட்டீர்கள்.) அன்று அளந்ததும் கம்பெனிக்காரன்தான், கிழக்கிந்தியக் கம்பெனி. ஆட்சி செய்யவும் வரி வாங்கவும்தான் அளந்தான். எடைக்கல் கம்பெனியிடம் இருந்தால் நிலம் யாருக்காக அளக்கப்படும் என்பதற்கு நம்மிடம் அனுபவம் இருக்கிறது.

இன்று இந்திய நில அளவைத் துறை நாடு முழுக்க இந்த நிலையங்களை நட்டிருக்கிறது. 2020-இல் தொடங்கிய 'ஸ்வாமித்வா' திட்டத்தோடு அது வேகம் பிடித்தது. நம் மாநில நில அளவைத் துறையும் தன் பங்குக்கு நிறுவியிருக்கிறது. ஆக, எலும்புக்கூடு தயார். ஆனால் அது சர்வேயரை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. டிராக்டர்காரரையும் டிரோன் ஓட்டும் பெண்ணையும் மனதில் வைத்து அல்ல. அந்தத் திருத்தம் விவசாயிக்குக் கட்டணமின்றி, எந்தக் கம்பெனி இயந்திரமும் படிக்கக்கூடிய பொது வடிவத்தில், உழவு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் அறுபடாமல் போய்ச்சேர வேண்டும் என்று இப்போதே கேட்காவிட்டால், ஐந்து வருஷம் கழித்து அதையே ஒருவர் மொத்தமாக வாங்கி நமக்குச் சில்லறையில் விற்பார். கைபேசிக் கோபுரம் எட்டாத வயல்களுக்கு ரேடியோ வழியும் வேண்டும். மருந்தடிக்கப் போன இடத்தில், "சிக்னல் இல்லை சார்" என்று பையன் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கம் செய்யாது என்கிறீர்களா? பிரான்சில் 'சென்டிபீட்' என்றொரு வலை இருக்கிறது. அந்த நாட்டின் அரசு வேளாண் ஆய்வு நிறுவனத்தில் தொடங்கியது. விவசாயிகள், கல்லூரிகள், தனி ஆட்கள் என்று அவரவர் கூரையில் ஆளுக்கொரு நிலையம் வைத்து, திருத்தத்தை எல்லாருக்கும் திறந்துவிடுகிறார்கள். அதற்கான கருவியின் விலை இன்று ஒரு நல்ல கைபேசி விலைக்குள் அடங்கிவிடும். கணக்குப் போடும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, ஜப்பான்காரர் ஒருவர் எழுதியது. நம் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கூரை இல்லையா? பாலிடெக்னிக்குக்குக் கூரை இல்லையா? என் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. உங்கள் அத்தை வடாம் காயவைக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த இயந்திரங்கள் வந்தால் மருந்தடிக்கும் கூலிக்காரர்களுக்கு வேலை போகும். அது உண்மை. முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு மருந்துப் புகையில் நடந்த ஒரு மாணவனின் அப்பாவுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும் என்பதால், அந்த வேலை போவதற்காக நான் அழமாட்டேன். ஆனால் போகிற கூலிக்குப் பதில் என்ன என்று கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. வலையை ஊர் வைத்திருந்தால் அந்தக் கேள்வியை ஊரிலேயே கேட்கலாம். சந்தா கம்பெனியிடம் கேட்க முடியுமா, தம்பி? "வாடிக்கையாளர் சேவைக்கு ஒன்றை அழுத்தவும்" என்பான்.

இனி வேலைக்கு வருகிறேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைக்க ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம். நில அளவைத் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் மூன்று பேர், அதில் நான் தப்பாக எழுதியிருப்பதைத் திருத்திக் கொடுங்கள். நான் உங்களுக்குச் சிவப்பு மை அடித்த காலம் போய், நீங்கள் எனக்கு அடிக்கும் காலம். இயந்திரத் துறைத் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. மாற்றுக் கருத்து இருந்தால் நீளமாகவே எழுது, படிக்கிறேன். ஆனால் முதலில் அந்த ஒரு ஏக்கர், ஆயிரம் ஏக்கர் கணக்கை ஒரு தாளில் போட்டுப் படம் எடுத்துக் கீழே போடு. செய்முறையோடு.